ஆலங்கழியின் வாக்குமூலம்

ஆலங்கழி சம்மதித்துவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தன் உப்புக் கழிவை, அந்த உப்பங்கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில் விட்டுக்கொள்ளலாம் என்று, எல்லோருக்கும் கேட்கும்படி, தன் வாயாலேயே சொல்லிவிட்டது.

பழந்துறைக்குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் அன்று கூட்டம் பிதுங்கி வழிந்தது. மேடையில் விசாரணை ஆணைய நீதிபதி பிரியதர்ஷினி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலி. அதில் ஆள் இல்லை. ஓர் ஒலிபெருக்கி மட்டும் வைக்கப்பட்டிருந்தது. பேசும் நீர்நிலைகள் சட்டம் வந்த பிறகு இப்படித்தான். எந்த நீர்நிலையில் கை வைப்பதானாலும் அதையே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று அது சொன்னால் வேண்டாம்தான்.

"நகரத்தில் என் பிள்ளைகள் தாகத்தோடு இருக்கிறார்கள்" என்றது கழியின் குரல். கனிந்த, வயதான பெண்ணின் குரல். "காலிக் குடத்தோடு வரிசையில் நிற்கும் அவர்களைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? கரிக்கும்தான். என் மடி கொஞ்சம் எரியும்தான். எரியட்டும். எத்தனையோ தாங்கியவள் நான். இதையும் தாங்கிக்கொள்வேன்."

முன்வரிசையில் ஓர் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ "கழியம்மா!" என்று தழுதழுத்தார்கள். கைத்தட்டல் எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தது.

கூட்டத்தில் இருந்த இளவேனில் மட்டும் கைதட்டவில்லை. எத்தனையோ தாங்கியவள் நான். அது அவளே எழுதிய வாக்கியம். அவள் புத்தகத்தில், அனல்மின் நிலையச் சாம்பலைக் கழியில் கொட்டிய வருடத்தைப் பற்றிய அத்தியாயத்தின் கடைசி வரி.

கல்லூரியில் தாவரவியல் பேராசிரியையாக இருந்தவள் அவள். திருமணத்தை விட்டு வெளியே வந்த கையோடு வேலையையும் விட்டுவிட்டு, கழியின் மேற்குக் கரையில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கிக்கொண்டு குடிவந்தாள். சதுப்பில் வளரும் கண்டல் மரங்களையும் நண்டு வளைகளையும் வலசைப் பறவைகளையும் பார்த்துக்கொண்டு தனியாக வாழ்ந்ததை எழுதினாள். அந்த நினைவுக்குறிப்பில் கழி ஒரு தாய். குப்பையை விழுங்கிவிட்டு மீனைத் தருபவள். அடித்தவனுக்கும் சோறு போடுபவள். புத்தகம் பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது. பள்ளிக்கூடப் பாடமாயிற்று. சட்டமன்றத்தில் பேசும் நீர்நிலைகள் மசோதாவைக் கொண்டுவந்த அன்று அமைச்சர் அதிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்துக் கண்கலங்கினார். கழிக்குக் குரல் கொடுக்கும் இயந்திரத்துக்கு மொழி வேண்டும் என்று அரசு அதிகாரிகள் வந்து கேட்டபோது, இளவேனில் சந்தோஷமாகத் தன் புத்தகத்தைக் கொடுத்தாள். அரசு ஆவணங்களில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'மொழிக் கொடையாளர்' என்று இருந்தது.

கூடத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் பூங்காவனம் அவளை மறித்துக்கொண்டாள். கழிச் சேற்றில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்களில் அவள் மூத்தவள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் தவழ்ந்தபடி பிடிக்கிற வேலை. வாயில் பறி இருப்பதால் வேலை செய்யும்போது பேச முடியாது. அதற்கெல்லாம் சேர்த்துக் கரையில் பேசித் தீர்த்துவிடுவாள்.

"இன்னா டீச்சர், உன் புஸ்தகம் பேச ஆரம்பிச்சிடுச்சு போல?"

"பூங்காவனம், நான் இப்படி எதிர்பார்க்கலை."

"பின்ன எப்பிடி எதிர்பார்த்த? அது யாரு கொரலு அது? தங்கமே, ராசாவேன்னு. நாப்பது வருசமா அதுல எறங்குறேன். கால்ல சிப்பி கிழிக்கும். ஒரு நாளு அள்ளிக் குடுக்கும், ஒரு வாரம் ஒண்ணுமே காட்டாது. பக்கத்துல எங்கனா ஆழத்த மறைச்சி வச்சிக்கினு ஆள முழுங்கப் பாக்கும். எங்க அக்காவ அது கொண்டும் போயிருக்குது. அத போயி அம்மான்ற. எங்கள்ல யாரனா ஒரு வார்த்த கேட்டியா நீ?"

பூங்காவனத்தின் மகள் அனுசுயா சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். வேதியியலில் பட்டயப் படிப்பு முடித்தவள். ஆலையின் ஆய்வுக்கூட வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள்.

"அம்மா, வுடு. அதுவே சரின்னு சொல்லிடுச்சில்ல" என்றாள் அனுசுயா. பிறகு இளவேனில் பக்கம் திரும்பினாள். "மேடம், உங்களுக்கு ஜன்னலத் தொறந்தா கழி. எங்கம்மாவுக்கு அது ஆறாத கால் புண்ணு. நான் அதுல எறங்குறதா இல்ல. ஆலை வந்தா நல்லதுதான்."

இரண்டு பேரும் இரண்டு பக்கமாக நடந்து போனார்கள். இளவேனில் மர நிழலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

*

கழியின் இயந்திரம் இருந்த குரல் நிலையத்தில் நூருல் அமீன் அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். இயந்திரத்துக்குப் பேசக் கற்றுக்கொடுத்த குழுவின் பொறுப்பாளன். அவள் வருவாள் என்று எதிர்பார்த்தவன் போல இருந்தான்.

"கழிக்குள்ள பதிச்சிருக்கிற கருவிங்க வெறும் எண்ணைத்தான் அனுப்புது மேடம். உப்பு எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு, சேத்துக்குள்ள எவ்வளவு உயிர் நடமாட்டம். ஆலைக் கழிவு வந்தா என்ன ஆகும்னு கணக்குப் போடுற வரைக்கும் இயந்திரம் சரியாத்தான் செய்யுது."

"கணக்குல என்ன வந்தது?"

அமீன் தேநீர்க் குவளையை மேசைமேல் வைத்தான். "முகத்துவாரத்துல இருக்கிற உயிர்ல பாதி செத்துடும்."

"அது தெரிஞ்சுமா சம்மதிச்சுது?"

"பாதி சாகிறதுன்னா அதுக்கு என்ன சொல்லணும்? அய்யோன்னு கத்தலாம். கோவப்படலாம். விடமாட்டேன்னு சொல்லலாம். எதைச் சொல்றதுன்னு அந்த இயந்திரம் உங்க புத்தகத்துலதான் தேடும். உங்க புத்தகத்துல கழிக்கு எது நடந்தாலும் அடுத்த வரியில அவ மன்னிச்சிடுறா. சாம்பல் கொட்டினாங்க, செரிச்சிக்கிட்டா. கண்டலை வெட்டினாங்க, மறுபடி துளிர்த்தா. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் அவ்வளவுதான் மேடம். வலிக்கும்போது என்ன செய்யணும்னு அதுக்கு ஒரே ஒரு வழிதான் காட்டியிருக்கோம்."

இளவேனில் அமீனிடம் சொன்னாள்: "அந்தப் புத்தகத்துல இருக்கிறது கழி இல்லை. எங்கம்மா."

அவள் அப்பா ஊரே மதிக்கிற தலைமை ஆசிரியர். வீட்டில் எப்போதும் விருந்தாளிகள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்து அவள் பார்த்ததில்லை. மார்பில் கட்டி வந்ததை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. துணியை வைத்து அழுத்திக் கட்டிக்கொண்டு அதன் மேல் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் தோசை வார்த்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது டாக்டர் கோபப்பட்டார், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று. "வீட்டுல எல்லாருக்கும் வேலை இருந்தது" என்றாள் அம்மா. அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

அம்மாவை எழுத இளவேனிலுக்குத் தைரியம் வந்ததில்லை. கழியை எழுதினாள். படித்தவர்கள் அழுதார்கள். அவர்கள் எதற்கு அழுதார்கள் என்று இப்போது புரிவது போலிருந்தது. தங்களுக்காக யாரோ வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

"மாத்த முடியுமா?" என்று கேட்டாள்.

"இறுதி விசாரணை வரைக்கும் மொழிக் கொடையாளருக்கு அந்த உரிமை இருக்கு. மொழியை மாத்தலாம். இல்லை, மொத்தமாத் திரும்பப் பெறலாம். தீர்ப்பு எழுதி முடிக்கிற நிமிஷம் வரைக்கும் நீங்க திரும்பப் பெற்றா, அந்த மொழியில கழி பேசினது எதுவுமே செல்லாது. ஆனா அப்புறம் கழிக்கு வாயே இருக்காது. அதிகாரிங்க குழுதான் முடிவு பண்ணும். அவங்க என்ன முடிவு பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"அப்ப மாத்திடுவோம்" என்றாள் இளவேனில்.

சொல்வது சுலபமாக இருந்தது. அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு 'தாய்' என்று வந்த இடங்களையெல்லாம் அடித்தாள். அமீன் அதை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, ஆலையைப் பற்றிக் கேட்டான். கழி யோசித்துவிட்டு, "பக்தர்கள் தாகத்தோடு வந்தால் நான் அருளாமல் இருப்பேனா?" என்றது. அமீன் தலையில் கை வைத்துக்கொண்டான். தாய் போய்த் தெய்வம் வந்துவிட்டது. தெய்வத்தை அடித்தார்கள், தோழி வந்தாள். "உற்ற தோழிக்கு இதுகூடச் செய்யமாட்டேனா?" தோழியையும் அடித்தார்கள். நிலவொளியில் காத்திருக்கும் காதலி வந்தாள். அவளும் சம்மதித்தாள்.

"வார்த்தையை எடுத்தா குணம் போகலை மேடம்" என்றான் அமீன். "இந்தப் புத்தகத்துல எங்கயாவது கழி, முடியாதுன்னு சொல்லியிருக்கா?"

இளவேனில் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தாள். தன்னைப் பற்றி எழுதிய பக்கங்களில் அந்தச் சொல் இருந்தது. கணவனிடம் முடியாது என்றிருந்தாள். திரும்பி வந்துவிடு என்று கூப்பிட்ட அண்ணனிடம் முடியாது என்றிருந்தாள். அப்படிச் சொல்லிவிட்டு வந்துதான் கழியோரத்தில் தலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழிக்கு மட்டும் அந்தச் சொல்லை அவள் தரவில்லை.

*

மறுநாள் காலை இறால் பிடித்துக் கரையேறிய பெண்கள் பறிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது இளவேனில் போனாள். விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். உங்கள் பேச்சு வேண்டும். அதிலும் நீங்கள் மறுக்கிற பேச்சு வேண்டும். வியாபாரியிடம், புருஷனிடம், கோயில் கமிட்டியிடம், பிள்ளைகளிடம் முடியாது என்று எப்படிச் சொல்கிறீர்களோ, சண்டை போட்டுவிட்டு மறுநாள் எப்படிப் பேசிக்கொள்கிறீர்களோ, அதெல்லாம் வேண்டும்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "அது நெறய கீது" என்றாள் ஒருத்தி.

பூங்காவனம் சிரிக்கவில்லை. "எங்க பேச்சக் குடுத்தா அது எங்க பக்கம் பேசுமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் இளவேனிலுக்குத் தோன்றியது. "தெரியாது பூங்காவனம். உங்களை மாதிரி பேசும். உங்களுக்காகப் பேசுமான்னு எனக்குத் தெரியாது."

பூங்காவனம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "எம் பொண்ணும்தான் என்னிய மாதிரியே பேசுது. எனக்காவா பேசுது?" என்றாள். பிறகு, "சரி, கொண்டா உன் மைக்க" என்றாள்.

அதன் பிறகு, புத்தகத்துக்குப் பதிலாக இயந்திரத்துக்குக் கொடுக்க, ஒரு மாதம் போல அவர்கள் தெருவில் ஒலிப்பதிவு நடந்தது. மீன் விற்கும் இடத்தில், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் இடத்தில், அடுப்படியில், சங்கக் கூட்டத்தில். முதல் சில நாட்கள் எல்லோரும் சினிமாவில் நடிப்பது போலப் பேசினார்கள். பிறகு மைக்கை மறந்துபோனார்கள். பெண் கேட்டு வந்தவர்களை ஒருத்தி வாசலிலேயே நிறுத்தி அனுப்பியது பதிவாயிற்று. படகைக் கேட்ட கொழுந்தனுக்கு, "இப்ப ஆவாது, ஐப்பசிக்கு மேல வா" என்று இன்னொருத்தி சொன்னது பதிவாயிற்று. இளவேனில் அதையெல்லாம் கேட்டபோது ஒன்றைக் கவனித்தாள். இவர்கள் முடியாது என்று சொன்னதோடு நிறுத்துவதில்லை. இது முடியாது, அது முடியும், இப்போது முடியாது, அப்புறம் பார்க்கலாம் என்று அந்தப் பேச்சு நீண்டுகொண்டே போகும். அவள் தன் வாழ்க்கையில் முடியாது என்று சொன்ன ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

இதற்கெல்லாம் நடுவில் அனுசுயா ஒருநாள் தானாகவே வந்து மைக்கின் முன் உட்கார்ந்தாள். "நான் சேத்துல எறங்க மாட்டேன்னு எங்கம்மாகிட்ட சொன்னத எடுத்துக்கினீங்களா?"

"இல்லை."

"எடுத்துக்கோங்க. அதுவும் மறுப்புதான?" என்று சொல்லிவிட்டு, தாயிடம் போட்ட சண்டையை அப்படியே ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டு எழுந்து போனாள்.

*

இறுதி விசாரணைக்கு வந்த கூட்டம் முன்னைவிடப் பெரியது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். நகரத்திலிருந்து காலிக் குடங்களோடு பேருந்து பிடித்து வந்த பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். இளவேனில் அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தாகம் பொய்யில்லை.

நீதிபதி பிரியதர்ஷினி கேள்வியைப் படித்தார். முகத்துவாரத்தில் உப்புக் கழிவை விடக் கழிக்குச் சம்மதமா?

"ஆவாது" என்றது ஒலிபெருக்கி.

கூடம் ஒரு நொடி திகைத்துவிட்டுச் சிரித்தது. பழைய கனிவான குரல் போய்விட்டிருந்தது. கரகரப்பான, அவசரம் இல்லாத, கரையோரப் பேச்சு.

நீதிபதி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "ஏன் என்று சொல்ல முடியுமா?"

"வாயில உப்பக் கொட்டினா பாதி செத்துப்போவும். செத்த பொறவு யாரும் வந்து கேக்க மாட்டீங்க. கொழாய நீட்டி ஆழக்கடல்ல கொண்டு போயி வுடுங்க. தண்ணி எடுக்க வேணாங்கல. இங்க கொட்டாதீங்க."

குடத்தோடு வந்த பெண்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "அப்ப தண்ணி வருமா வராதா?" என்று கேட்பது எல்லோருக்கும் கேட்டது. ஆலை நிறுவனத்தின் வழக்கறிஞர் ராகுல் நம்பி எழுந்தார். இளைஞர், நிதானமானவர். குழாயை நீட்டுவதில் இருக்கும் சிரமங்களைச் சொல்லவில்லை. வேறு ஒன்றைக் கேட்டார்.

"உனக்குத் தீங்கு வருவது ஆலையால் மட்டும்தானா? இங்கே தினமும் சேற்றில் இறங்கி மிதிக்கிற இந்தப் பெண்களால் உனக்கு எந்தத் தீங்கும் இல்லையா?"

பூங்காவனம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கீது" என்றது கழி. "குஞ்சு எறா கடல்லேர்ந்து ஏறி வர்ற மாசத்துல கெழக்குச் சேத்துல எறங்குறாங்க. குஞ்சு ஒதுங்குற எடமே அதான். அந்த மாசத்துல எறங்கக் கூடாது."

பெண்கள் பக்கமிருந்து ஒரு முனகல் எழுந்து கூச்சலாயிற்று. "எங்க வாயக் குடுத்தோம், எங்க வயித்துலயே அடிக்குது!" என்று ஒருத்தி கத்தினாள். ராகுல் நம்பி உட்கார்ந்தார். இளவேனிலுக்குத் தரையில் புதைந்துபோகலாம் போலிருந்தது. தான் ஒரு தாயை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு விரோதியை உட்கார வைத்துவிட்டதாக நினைத்தாள்.

நீதிபதி மேசையைத் தட்டினார். யாரும் அடங்கவில்லை. பூங்காவனம் எழுந்து, யாருடைய அனுமதியையும் கேட்காமல் மேடை வரைக்கும் நடந்து, ஒலிபெருக்கி இருந்த நாற்காலிக்கு எதிரே நின்றாள்.

"எறங்காம இன்னா துன்றது?"

"மேற்கால வாங்க."

"மேற்கால எறாவே கெடையாது. எங்கம்மா காலத்துலேர்ந்து கெடையாது."

"இப்ப இல்ல. அடச்ச ஓடயத் தொறந்தா வரும்."

"தொறந்தா எப்ப வரும்?"

"ரெண்டு மழக்காலம் போவணும்."

"அதுவரைக்கும்?"

கழி சற்று நேரம் பேசவில்லை. இயந்திரம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். "கெழக்குல பாதி வுட்டுட்டுப் பாதில எறங்குங்க. வடக்கு ஓரமா."

"வடக்கு ஓரம் ஆழம். வயசானவங்க எறங்க முடியாது. தெக்கு ஓரம் குடு."

"தெக்குலதான் குஞ்சு."

"அப்ப நடுவுல."

"நடுவுல சரி. ஓடயத் தொறக்குற வரைக்கும்தான்."

பூங்காவனம் திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்தாள். பெண்கள் தங்களுக்குள் வேகவேகமாகப் பேசிக்கொண்டார்கள். நாற்காலிகளை இழுத்துக்கொண்டு நான்கைந்து பேர் மேடை அருகே வந்து உட்கார்ந்தார்கள். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சட்டத்தின் கீழ் அவர் எத்தனையோ ஏரி குளங்களை விசாரித்திருக்கிறார். ஒரு நீர்நிலையோடு யாரும் பேரம் பேசி அவர் பார்த்ததில்லை. கேட்டதற்கெல்லாம் 'தருகிறேன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றிடம் பேச என்ன இருந்திருக்கும்?

"எந்த ஓடை?" என்று கேட்டார் நீதிபதி.

"மேற்குக் கரையில மண்ணு கொட்டி மூடின ஓட. அது மேல ஒரு ஓட்டு வூடு கீது. வூட்ட எடுக்கணும்."

எல்லோருடைய தலையும் இளவேனில் பக்கம் திரும்பியது.

அவளுக்கு முதலில் புரியவேயில்லை. புரிந்தபோது, காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று பார்ப்பவள் போலக் குனிந்து பார்த்தாள். அந்த வீட்டின் அடியில் ஓடை இருந்தது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு விற்றவரும் சொல்லவில்லை. கழியைப் பற்றி அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் அந்த வீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதியது.

ராகுல் நம்பி அவள் அருகே வந்து குனிந்தார். குரலில் உண்மையான பரிவு இருந்தது. "மேடம், ஆவணத்துல இன்னும் நீங்கதான் மொழிக் கொடையாளர். இப்பகூட மொழியைத் திரும்பப் பெறலாம். ஒரு வார்த்தை சொன்னா போதும். இன்னைக்கு இது பேசினது எதுவும் செல்லாது. உங்க வீடு உங்களுக்கு. இவங்களுக்கும் கிழக்குச் சேறு முழுசாக் கிடைக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை." அதன் பிறகு ஆலையைப் பற்றி முடிவெடுக்கப்போகும் அதிகாரிகள் குழுவைப் பற்றி அவர் சொல்லவில்லை.

பூங்காவனம் அதைக் கேட்டுவிட்டாள். வேண்டாம் என்றோ சரி என்றோ சொல்லாமல், இளவேனிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் அனுசுயாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளவேனில் எழுந்தாள். வாழ்க்கையில் எத்தனை இடங்களிலிருந்து எழுந்து வெளியே போயிருக்கிறாளோ அத்தனை தரமும் இப்படித்தான் எழுந்திருக்கிறாள். வாசல் அவளுக்கு இடப்பக்கம் இருந்தது. அவள் மேடைப் பக்கம் நடந்தாள். பூங்காவனத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ஒலிபெருக்கியைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கு எவ்வளவு நாள் தருவே?"

"மழைக்கு முன்ன."

"பொங்கல் வரைக்கும் கொடு. நிறையப் புத்தகம் இருக்கு. எடுத்துவைக்க ஆள் இல்லை."

"பொங்கல் முடியாது. மழையிலதான் ஓடைக்குத் தண்ணி."

"தீபாவளி?"

"தீவாளிக்குள்ளயே மழ வந்துரும். ஆவாது."

அவ்வளவுதான். அதில் இரக்கம் இல்லை, கோபமும் இல்லை. இத்தனை வருடங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் பேசியதற்கெல்லாம் அவளே பதில் எழுதிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது.

"சரி" என்றாள் கழியிடம். பிறகு நீதிபதியிடம், "மொழியைத் திரும்பப் பெறலை. எழுதிக்கோங்க" என்றாள்.

நீதிபதி பிரியதர்ஷினி பேனாவை எடுத்தார். ராகுல் நம்பி தன் இருக்கைக்குப் போய், ஆழக்கடல் வரை குழாய் போட்டால் எப்போது தண்ணீர் தர முடியும் என்று நிறுவனத்து ஆட்களோடு தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார். குடத்துப் பெண்கள் இரண்டு பேர் எழுந்து போய் அவர் பின்னால் நின்று காதைக் கொடுத்தார்கள்.

இளவேனில் மேடையருகிலிருந்து திரும்பினாள். பூங்காவனம் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க தெருவுல ஒரு வூடு காலியா கீது. கூர ஒழுவும். ஜன்னலத் தொறந்தா சுவருதான் தெரியும்."

"யாரைக் கேக்கணும்?"

"என்னியதான்" என்றாள் பூங்காவனம். "ஆனா நான் அவ்ளோ சுலுவா ஒத்துக்க மாட்டேன்."

"பேசுவோம்" என்றாள் இளவேனில்.